மொழிபெயர்த்தால் போதும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த ஆறாவது நாள், அவருடைய கோப்பில் இப்படி ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "பேச்சு இல்லை. சொல்வது புரியவில்லை. பயிற்சியால் பலன் கிடைக்க வாய்ப்புக் குறைவு."

என் அப்பா முப்பத்தோரு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர். வாயை வைத்துப் பிழைத்த மனிதர். அவர் பேச ஆரம்பித்தால் அம்மா வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். அப்பா வானொலிக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். அப்படிப்பட்டவருக்குப் பேச்சும் இல்லை, புரிதலும் இல்லை என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள்.

அந்த வரியை எழுதியவர் அப்பாவைச் சோதித்தது இந்த நாட்டு மொழியில். அம்மா போன பிறகு என்னோடு இருக்க அப்பா இங்கே வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. இந்த மொழியில் அவருக்குத் தெரிந்தது 'நன்றி'யும் 'மன்னியுங்கள்' என்பதும்தான். நல்ல உடம்போடு இருந்தபோதே தெரியாத ஒரு மொழியில், மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்ட பிறகு கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதில் வரவில்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரத்தில் நான் கண்ணாடிக் கடையில் யாருக்கோ மூக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தேன்.

மாலையில் வந்து நர்ஸிடம் கேட்டேன். "அவருக்கு உங்க மொழி தெரியாதே?"

"அதான் குறிச்சிருக்கோமே," என்று அவர் காகிதத்தைக் காட்டினார். 'மொழி' என்ற கட்டத்தில் 'பிற' என்று ஒரு சரிக்குறி இருந்தது.

அந்த வார்டில் தண்ணீர் கொடுக்க ஓர் அம்மாள் வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சாம்பல் நிறச் சட்டை, நெஞ்சில் பெயர் அட்டை, சக்கரம் கிறீச்சிடும் தள்ளுவண்டி. பக்கவாதம் வந்தவர்களுக்குச் சாதாரணத் தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடும் என்பதால், ஏதோ மாவைக் கலந்து கெட்டியாக்கி, கரண்டியால் கொடுப்பார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதல் வாரம் நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. காலிக் கோப்பையை நீட்டுவேன், ஒரு கை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, அவர் வண்டியை நகர்த்தியபோது அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. "ரைட்... ரைட்..."

வண்டி நின்றது. அந்த அம்மாள் திரும்பி வந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து, தமிழில் கேட்டார். "அப்பா, நீங்க பஸ்ல வேலை பார்த்தீங்களா?"

அப்பாவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தலை ஆடியது. தெளிவாக, ஆமாம் என்று ஆடியது.

"ஒண்ணு, ரெண்டு..." என்று அவர் தொடங்கினார். அப்பா, "மூணு... நாலு... அஞ்சு..." என்று பதினொன்று வரை போனார். புரியவில்லை என்று எழுதப்பட்ட மனிதர் எண்ணிக்கொண்டிருந்தார்!

அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க அப்பாவுக்குப் புரியுது. சொல்லு வர்ற வழிதான் அடைச்சிருக்கு, முழுசா அடைக்கல. தமிழ்ல சோதனை பண்ணச் சொல்லி எழுத்துல கேளுங்க. முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம்மா, அப்பத்தான் மூளை சீக்கிரமாத் திரும்பக் கத்துக்கும். ஒரு நாளைக்கூட விடாதீங்க. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன் சொல்லக் கூடாது?"

"நான் இங்க தண்ணி குடுக்கறவ," என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் அவருடைய சாப்பாட்டு இடைவேளையில் பின்வாசல் படிக்கட்டில் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கொடுப்பவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். நானும் நடத்துநர் மகள், விடவில்லை. அன்றிலிருந்து அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

அக்கா பேச்சு சிகிச்சையாளர். தன் ஊரில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் பதினேழு வருடம் வேலை பார்த்தவர்; கடைசி ஆறு வருடம் அந்தத் துறைக்கே தலைவர். பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள், தொண்டையில் அறுவை முடிந்தவர்கள், நான்கு வயதாகியும் வாய் திறக்காத குழந்தைகள் என்று கணக்கில்லாதவர்களைப் பேச வைத்தவர். கணவர் பாலம் கட்டும் பொறியாளர். அவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு வந்தார்கள். அவர் படிப்பை இந்த நாடு ஆறே வாரத்தில் ஏற்றுக்கொண்டது.

"பாலம் எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரிதான் நிக்குமாம்," என்றார் அக்கா. "தொண்டை மட்டும் நாட்டுக்கு நாடு மாறுமாம்!"

அக்காவின் படிப்பைச் சரிபார்க்க ஒரு பதிவு மன்றம் இருந்தது. சில நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தன. அந்த நாடுகளில் படித்தவர்கள் இங்கே சுலபமாக வேலைக்கு வரலாம். அக்காவின் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாதவர்கள் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து நிரூபிக்க வேண்டும். மன்றம் முதலில் கேட்டது, படிக்கும் காலத்தில் நோயாளிகளோடு செலவழித்த மணி நேரக் கணக்கு. அக்காவின் கல்லூரிச் சான்றிதழில் மொத்தம் ஆயிரத்து நூறு மணி நேரம் என்று இருந்தது. அது போதாதாம். திக்குவாய்க்கு எவ்வளவு, விழுங்கும் சிரமத்துக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு, பெரியவர்களுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டுமாம்.

அக்கா கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினார். அலுவலக எழுத்தர் கொட்டாவியோடு பதில் சொன்னாராம். "இருபது வருஷத்துக்கு முந்தின ரெஜிஸ்டரா? அதைக் கறையான் படிச்சு முடிச்சிடுச்சும்மா. கையெழுத்துப் போட்ட புரொபசரும் போய்ச் சேர்ந்துட்டாரு."

கறையான் தின்றதற்குக் கல்லூரி ஒரு கடிதம் கொடுத்தது. அதை மன்றம் ஏற்கவில்லை. உறையில் அரக்கு முத்திரை இல்லையாம். அரக்கு முத்திரையோடு வந்த கடிதத்தில் தேதி பழையதாகிவிட்டது. மறுபடி புதுத் தேதியோடு வாங்கி அனுப்பினார். பிறகு மொழித் தேர்வு. எழுதுவதில், படிப்பதில், கேட்பதில் தேறினார். பேசுவதில் அரை மதிப்பெண் குறைந்தது. மூன்று முறை எழுதி மூன்றாவது முறை தேறினார். உச்சரிப்பு சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு உச்சரிப்பு சரியில்லை என்று எழுதி அனுப்பினார்கள். "அந்தத் தாளை வச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க நான் யார்கிட்டயும் வாயே திறக்கல," என்றார்.

இதெல்லாம் முடிய மூன்றரை வருடம். முடிந்த பிறகு வந்த கடிதம்தான் உச்சம். "கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் இந்தத் தொழிலைச் செய்ததற்கான ஆதாரம் இல்லை. எனவே விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது." செய்யக் கூடாது என்று தடுத்து வைத்திருந்ததே அவர்கள்தான்! காலைக் கட்டிப் போட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அந்தக் கடிதம் வந்த அன்று வீட்டில் ரகளை நடந்ததை அக்காவே சொன்னார். கணவர் ஆறுதலாக, "விடும்மா, என் வேலை இருக்கில்ல," என்று சொல்லியிருக்கிறார். "உங்க வேலையை வச்சு நான் என்ன பண்றது? உங்க பாலம் வாயைத் திறந்து பேசுமா?" என்று கத்திவிட்டு, அவர் மேசையிலிருந்த வரைபடச் சுருளைச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டாராம். பாவம், அவர் கீழே இறங்கிப் போய்ப் பொறுக்கி வந்தாராம். அடுத்த வாரம் அக்கா இந்த மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தார். பேச முடியாதவர்கள் பக்கத்திலாவது இருக்கலாம் என்பதுதான் காரணம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பேச்சு சிகிச்சை என்பது மொழியோடு பின்னிப் பிணைந்தது. வெளியிலிருந்து வருபவரைச் சோதிக்காமல் நோயாளியின் தொண்டையில் கைவைக்க விடக் கூடாது. சோதிக்கட்டும். எதிரே உட்கார வைத்து, ஒரு நோயாளியைக் காட்டி, என்ன செய்வாய் என்று கேட்கட்டும். மூன்றரை வருடத்தில் ஒருவர்கூட அக்காவிடம் அதை மட்டும் கேட்கவில்லை.

நான் எழுத்தில் கேட்டேன். தமிழில் சோதிக்க ஏற்பாடு செய்வதாகப் பதில் வந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு நாள் குறித்தார்கள், அவர் வரவில்லை. மறுபடி குறித்தார்கள், மறுபடி வரவில்லை. அப்பா படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அக்கா தண்ணீர் கொடுக்கும் சாக்கில் தினமும் ஐந்து நிமிடம் அவரோடு பேசினார். அதற்குமேல் நின்றால் வார்டு பொறுப்பாளர் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்ப்பார்.

இருபத்து மூன்றாம் நாள் மூன்றாவது தடவையாக மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அன்று நான் விடுப்பு எடுத்திருந்தேன். பேச்சு சிகிச்சையாளர், முன்பு அந்த வரியை எழுதிய அதே இளம்பெண், கையில் காகிதக் கட்டோடு தவித்துக்கொண்டு நின்றார். யாரோ, "தண்ணி குடுக்கறவங்களுக்கு இவரோட மொழி தெரியுமே," என்றார்கள். பொறுப்பாளர் அக்காவைக் கூப்பிட்டார்.

"இதுல இருக்கிறதை வாசிக்கணும். அவர் சொல்றதை எங்களுக்குச் சொல்லணும். மொழிபெயர்த்தால் போதும். வேற எதுவும் நீங்களாப் பேசக் கூடாது, புரியுதா?"

"புரியுது," என்றார் அக்கா.

சிகிச்சையாளர் காகிதக் கட்டை நீட்டினார். பேச்சு இழந்தவர்களுக்கான தமிழ்ச் சோதனை அது. எங்கிருந்தோ தேடி எடுத்து நகல் போட்டிருந்தார். அக்கா முதல் பக்கத்தைப் பார்த்தார். அப்படியே நின்றார். அவருடைய கட்டைவிரல் பக்கத்தின் அடியில் ஓர் இடத்தில் அழுந்தியிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். சோதனையைத் தயாரித்தவர்கள் என்று நான்கு பெயர்கள் ஆங்கில எழுத்தில் அங்கே இருந்தன. மூன்றாவது பெயரைப் படித்தேன். பிறகு அக்காவின் நெஞ்சிலிருந்த அட்டையைப் படித்தேன்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். வேண்டாம். முதலில் அப்பா.

சோதனை தொடங்கியது. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள்.

"மழை மேலேருந்து கீழே விழுமா?"

அப்பா தலையாட்டினார்.

"மீன் மரத்துல ஏறுமா?"

டிக்கெட் எடுக்காமல் ஏய்க்கப் பார்க்கும் ஆளை முறைப்பாரே, அந்த முறைப்பு முறைத்தார் அப்பா. நான் சிரித்துவிட்டேன். சிகிச்சையாளர் சிரிக்கவில்லை. அவருடைய பேனா ஒவ்வொரு பதிலுக்கும் தயங்கித் தயங்கி எழுதியது. இருபது கேள்வி. அப்பா பத்தொன்பதைச் சரியாகச் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணின் காது மடல்கள் சிவந்துபோயிருந்தன.

அடுத்தது படங்கள். சீப்புப் படத்தைக் காட்டினார்கள். அப்பா தலையைத் தொட்டுக் காட்டினார். "அது... தலை... தலைக்கு..." நெற்றி வியர்த்தது. எல்லோரும் காத்திருந்தோம். அக்கா வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தது தெரிந்தது. பத்து முடிந்ததும் சொன்னார், "சீ..."

"சீப்பு!" என்றார் அப்பா.

"நிறுத்துங்க!" என்று பொறுப்பாளர் குறுக்கிட்டார். "வேற எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல? நீங்களா எடுத்துக் குடுத்தா இது என்ன சோதனை?"

"பத்து வினாடியில சொல்லு வரலைன்னா முதல் எழுத்தை எடுத்துக் குடுக்கணும். அதுக்கு அரை மதிப்பெண். பதினோராம் பக்கத்துல இருக்கு, பாருங்க," என்றார் அக்கா. குரலில் நடுக்கமே இல்லை.

"பதினோராம் பக்கத்துல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதற்குமேல் என்னால் முடியவில்லை. "எப்படித் தெரியுமா? அதை எழுதினதே அவங்கதான்! முதல் பக்கத்துல பேர் இருக்கு, படிச்சுப் பாருங்க. அவங்க சட்டையிலயும் அதே பேர்தான் இருக்கு. நாலு மாசமா உங்க முன்னாடிதான வண்டி தள்ளிக்கிட்டுப் போறாங்க?"

சிகிச்சையாளர் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பேனாவை மூடி மேசையில் வைத்தார். பொறுப்பாளர் மட்டும், "அதெல்லாம் இப்ப பேச்சு இல்ல. விதிமுறை விதிமுறைதான்," என்றார்.

அப்பாவின் கோப்பில் பழைய வரி அடிக்கப்பட்டது. புரிதல் நன்றாக இருக்கிறது, பயிற்சி உடனே தொடங்க வேண்டும் என்று புதிதாக எழுதினார்கள். பதினேழு நாள் வீணாய்ப் போயிருந்தது. அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்காவுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? ஒரு எச்சரிக்கைக் கடிதம். 'தன் பணி எல்லையை மீறி நோயாளியின் மதிப்பீட்டில் தலையிட்டார்' என்று. அடுத்த திங்கள்கிழமையிலிருந்து அவரைக் கீழ்த்தளத்தில் துணி அறைக்கு மாற்றினார்கள். போர்வை மடிக்கும் வேலை. அங்கே நோயாளியே கிடையாது.

நான் போய்ப் பார்த்தேன். நீராவிக்கு நடுவே, முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். "நான் வாயைத் திறக்காம இருந்திருக்கணும், என்னாலதான்," என்று நான் அழ ஆரம்பித்தேன்.

"உங்களால இல்ல. அழுது அதை லேசாக்கிடாதீங்க," என்றார் கடுமையாக. "கோபம் இருந்தா எழுதுங்க."

எழுதினேன். மருத்துவமனைக்கு எழுதினேன், மன்றத்துக்கு எழுதினேன், நோயாளிகள் குறை கேட்கும் அலுவலகத்துக்கும் எழுதினேன். நான் எதிர்பார்க்காத ஒருவரும் எழுதினார்: அந்த இளம் சிகிச்சையாளர். தான் எழுதிய தவறான வரி எது, அதைத் திருத்தியது யார் என்று இரண்டு பக்கம். வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பெண்ணின்மேல் எனக்கிருந்த கோபம் அன்று பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மன்றம் அக்காவை நேரில் அழைத்தது. சாட்சியாக நானும் போனேன். நீளமான மேசை, மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர்க் குவளை. நடுவில் இருந்தவர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டுக் கேட்டார். "இந்தத் தமிழ்ச் சோதனையை நடத்த நீங்க பயிற்சி எடுத்திருக்கீங்களா?"

"அதைத் தயாரிச்சதுல நானும் ஒருத்தி."

"அது புரியுது. பயிற்சி எடுத்ததுக்குச் சான்றிதழ் இருக்கா?"

அக்கா நிதானமாகச் சொன்னார். "அந்தச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடறவளே நான்தான். முந்நூத்திச் சொச்சம் பேருக்குப் போட்டுக் குடுத்தேன். எனக்கு நானே ஒண்ணு எழுதிக்கணும்னா பேனா குடுங்க, இப்பவே எழுதறேன்."

ஓரத்தில் இருந்த அம்மாள் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைத்தாரோ, வெட்கத்தை மறைத்தாரோ, தெரியவில்லை.

முடிவு ஐந்து வாரத்தில் வந்தது. எட்டு மாதம் மேற்பார்வையில் வேலை பார்க்கலாம், பிறகு முழுப் பதிவு. மேற்பார்வையாளராகக் குறிக்கப்பட்டவர் அதே இளம் சிகிச்சையாளர். பதினேழு வருட அனுபவத்தை நான்கு வருட அனுபவம் மேற்பார்வையிட்டது. அந்த எட்டு மாதமும் அந்தப் பெண் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கையெழுத்துப் போடும்போது தலையைக் குனிந்துகொண்டே போடுவாராம். "நேராப் பார்த்துப் போடும்மா, தப்பான இடத்துல போட்டுட்டா மறுபடி எட்டு மாசம் ஆகிடும்," என்று அக்கா கிண்டலடிப்பாராம்.

மேற்பார்வைக் காலத்தில் அக்காவிடம் முதலில் பயிற்சிக்கு வந்தவர்களில் அப்பாவும் ஒருவர். தமிழில் பயிற்சி தர அதுவரை யாரும் இருக்கவில்லை; முதல் மூன்று மாதம் எப்போதோ கடந்திருந்தது. இப்போது அப்பா பேசுகிறார். சின்னச் சின்ன வாக்கியம். பெயர்ச்சொல் வழுக்கிவிடும், என்னைத் தன் தங்கையின் பெயரால் கூப்பிடுவார், தப்பு என்று தெரிந்து தொடையில் அடித்துக்கொள்வார். வீணாய்ப் போன அந்த நாட்களில் பயிற்சி கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை சொற்கள் திரும்பியிருக்கும்? அக்காவிடம் ஒரு தடவை கேட்டேன். அவர் பொய் சொல்லித் தேற்றுகிறவர் இல்லை. "கொஞ்சம் கூடவே வந்திருக்கும்," என்றார். அந்தக் கொஞ்சத்தை யாரிடம் போய்க் கேட்பது?

முழுப் பதிவுக் கடிதம் வந்தபோது, அக்கா இந்த நாட்டில் கால் வைத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அழகான தடித்த தாள். முதல் வரி: 'இத்தொழிலுக்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம்.'

"வரவேற்கறாங்களாம்," என்றார் அக்கா. "நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. வாசல்ல நின்னு மறிச்சவன், வழி விட்டதுக்கு வரவேற்புன்னு பேர் வைக்கறான்."

அன்றே பதில் எழுதினார். 'வரவேற்கிறோம்' என்பதை எடுத்துவிட்டு 'தங்கள் தகுதியை ஏற்கிறோம்' என்று திருத்தி அனுப்பும்படி கேட்டார். அது எல்லோருக்கும் போகும் பொதுக் கடிதம், மாற்ற இயலாது என்று பதில் வந்தது. எல்லோருக்கும் போகிறது என்றால் எல்லோருக்கும் மாற்றுங்கள் என்று மறுபடி எழுதினார். கணவர், "பதிவுதான் கிடைச்சிருச்சே, இன்னும் எதுக்கு?" என்று கேட்டதற்கு, வரைபடச் சுருள் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாராம். அவர் சுருளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாராம்.

போன வாரம் நான்காவது கடிதத்தை அனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை அந்த இளம் சிகிச்சையாளரும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.